வீட்டு நாஸ்: ரெடிமேடாக வாங்குவதா, நாமே கட்டுவதா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். ராமேஸ்வரம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வருவேன். 2021 ஜூன் மாதம் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தியதிலிருந்தே வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: 15 ஜிபி நிரம்பிவிட்டது, போன் கத்திக்கொண்டே இருக்கிறது, படங்களைச் சேர்த்து வைக்க வீட்டிலேயே ஒரு பெட்டி, அதாவது நாஸ், வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம். அது முடிவானதும் அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். கடையில் விற்கும் பெட்டியா, பழைய கம்ப்யூட்டரை வைத்து நாமே செய்வதா? கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாஸ் என்றால் என்ன?

ரவுட்டரில் கேபிள் செருகி, ராப்பகலாக ஓடும் ஹார்டு டிஸ்க் பெட்டி. வீட்டிலுள்ள எல்லாப் போனிலிருந்தும், லேப்டாப்பிலிருந்தும், டிவியிலிருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம். உள்ளே இருப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். சினாலஜி, கியூநாப், அசுஸ்டார் போன்ற கம்பெனிகள் செய்து விற்பது ரெடிமேட். மினி பிசியோ பழைய டெஸ்க்டாப்போ எடுத்து, அதில் ட்ரூநாஸ் அல்லது ஓபன்மீடியாவால்ட் என்ற சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டால் அது நாம் கட்டியது.

யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினால் போதாதா?

ஒரே ஆள், ஒரே லேப்டாப், மாதம் ஒருமுறை காப்பி எடுக்கும் ஒழுங்கு இருக்கிறது என்றால் போதும். நாஸ் வேண்டாம். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பாதிப் பேரை இப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன்.

சரி, நாஸ்தான் வேண்டும். வாங்குவதா, கட்டுவதா?

பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. கட்டப்போகிறவர் இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறாரா என்றுதான் கேட்பேன்.

நம் ஊர்ப்பக்கம் இது முக்கியமான கேள்வி. கீழக்கரையில் ஒரு வீடு. மகன் துபாயிலிருந்து 40 நாள் லீவில் வந்தவர், பழைய டெஸ்க்டாப்பில் அருமையாக ஒரு நாஸ் கட்டினார். நான்கு டிஸ்க், படங்கள் முகம் வாரியாகப் பிரிந்து வரும், டிவியில் சினிமா ஓடும். நானே பார்த்து அசந்துபோனேன். லீவு முடிந்து போய்விட்டார். மூன்றாவது மாதம் உள்ளே ஏதோ ஒரு கேபிள் தளர்ந்து பெட்டி பீப் அடிக்க ஆரம்பித்தது. சத்தம் தாங்காமல் உம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு அது ஆன் ஆகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். எந்த டிஸ்க் எந்த வரிசை, பாஸ்வேர்டு என்ன, எந்த வால்யூமில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மகனுக்கு வீடியோ கால் போட்டால் அவருக்கு அங்கே ஷிப்டு. லாத்தாவின் (அக்காவின்) கல்யாணப் படமெல்லாம் அடுத்த லீவு வரை உள்ளேயே கிடந்தது. டேட்டா போகவில்லை. ஆனால் 11 மாதம் இல்லாமல்தான் இருந்தது.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டி. அங்கேயும் ஒரு நாள் பீப் சத்தம். போனிலேயே கேட்டேன், "எந்த விளக்கு ஆரஞ்சு எரியுது?" "ரெண்டாவது," என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. அதே அளவில் ஒரு டிஸ்க் வாங்கிக்கொண்டு போனேன். பழையதை உருவி, புதியதைச் செருகி, ஸ்கிரீனில் ரிப்பேர் பட்டனை அழுத்தியதும் என் வேலை முடிந்தது. மீதியைப் பெட்டியே பார்த்துக்கொண்டது. டீ குடித்துவிட்டு வந்தேன்.

கட்டிய பெட்டிக்கு சர்வீஸ் சென்டர் அதைக் கட்டிய ஆள்தான். அவர் கப்பலிலோ, வளைகுடாவிலோ, சென்னை ஐடி கம்பெனியிலோ இருந்தால் ரெடிமேட் வாங்குங்கள். ஆள் ஊரிலேயே இருக்கிறார், ஸ்குரூ டிரைவர் பிடிக்கப் பிடிக்கும், தப்பானால் ராத்திரி உட்கார்ந்து படித்துச் சரிசெய்வார் என்றால் தாராளமாகக் கட்டட்டும். காலேஜ் படிக்கும் பையனோ பெண்ணோ ஒரு நாஸ் கட்டினால், நெட்வொர்க் பற்றி வகுப்பில் சொல்லாததெல்லாம் அதில் தெரிந்துகொள்ளலாம்.

நாமே கட்டினால் பணம் மிச்சம்தானே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் நினைத்த அளவு மிச்சம் வராது. இரண்டு டிஸ்க் பெட்டி என்று எடுத்துக்கொண்டால் பல நேரம் டிஸ்க்குகளின் விலையே பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். அந்த டிஸ்க் செலவு எப்படிச் செய்தாலும் உண்டு. மிச்சமாவது பெட்டிக்காசு மட்டும். நான்கு, ஆறு டிஸ்க் என்று பெரிதாகப் போனால் கதை மாறும். அந்த அளவில் ரெடிமேட் பெட்டியின் விலை எகிறிவிடும், கட்டுவதுதான் லாபம்.

அப்புறம் கரண்ட் பில். என் பழைய டெஸ்க்டாப்பை மீட்டர் வைத்து அளந்தபோது சும்மா இருக்கையிலேயே 60 வாட் இழுத்தது. 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். மின்வாரியம் இரண்டு மாத பில்லில் தரும் முதல் 100 இலவச யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் இந்த ஒரு பெட்டிக்கே போய்விடும். இரண்டு டிஸ்க் ரெடிமேட் பெட்டி 15 வாட் என்று வைத்தால் அதே காலத்துக்கு 22 யூனிட்தான். "சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தானே" என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

கட்டத்தான் போகிறீர்கள் என்றால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசியோ போர்டோ பாருங்கள். 2023இல் வந்த சிப், கம்பெனி சொல்லும் அளவு 6 வாட். டிஸ்க்கோடு சேர்த்தாலும் பழைய டெஸ்க்டாப் பக்கம் வராது.

ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில் செய்யலாமா?

செய்யலாம், கற்றுக்கொள்ள நல்லது. யூஎஸ்பி டிஸ்க்கை நேராக அதில் செருகிக் கரண்ட் எடுக்கவைக்காதீர்கள். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருக்கட்டும். ஒரே பிரதி இருக்கும் குடும்பப் படங்களை மட்டும் அதில் நம்பி விடாதீர்கள்.

கடல் காற்றில் இதெல்லாம் தாங்குமா?

எந்த மாடல், எத்தனை ஜிபி ராம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், பெட்டியை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அலை அடங்கிய பெண் கடல் பக்கம் வீடு இருந்தாலும் அலை அடிக்கும் ஆண் கடல் பக்கம் இருந்தாலும் உப்பு உப்புதான். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் செத்தவை பெரும்பாலும் டிஸ்க் கெட்டுச் செத்தவை அல்ல. கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், ராம் காலில் கறை படிந்திருக்கும், ஃபேன் இறுகியிருக்கும். ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினாலே பாதிக் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். இது ஊரறிந்த வைத்தியம்.

இந்த விஷயத்தில் ரெடிமேட், கட்டியது இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரெடிமேட் பெட்டியில் கேபிள் குறைவு, டிஸ்க் நேராகப் போர்டில் போய் உட்காரும். உப்பு பிடிக்க இடம் கொஞ்சம். கட்டியதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு கேபிள், கேபிளுக்கு இரண்டு முனை. நான்கு டிஸ்க் என்றால் எண்ணிப் பாருங்கள். போதாததற்குப் பெரிய கேபினட்டில் முன்னும் பின்னும் ஓட்டை, பெரிய ஃபேன், வீட்டுக் காற்றையெல்லாம் இழுத்து உள்ளே விடும். ஆனால் கட்டியதில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். ஃபேன் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். ரெடிமேடில் போர்டு போனால் பெட்டியே போனது.

எதுவானாலும் கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வேண்டாம். உள் அறையில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும். பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், சூடு ஏறிவிடும். மாதக்கணக்கில் அணைத்தும் போடாதீர்கள். ஓடும் பெட்டியில் இருக்கும் லேசான சூடு ஈரம் படிவதைக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அணைந்து கிடந்த பெட்டிகள்தான் தை மாதம் என் மேஜைக்கு வரும்.

இன்னொன்று. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஊசி முனை அளவு ஒரு மூச்சு ஓட்டை இருக்கும், உள்ளே ஃபில்டரும் உண்டு. உப்புக்குப் பயந்து அதன்மேல் டேப் ஒட்டிவிடாதீர்கள். ஒருவர் ஒட்டியிருந்தார். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் பலவும் ஹீலியம் அடைத்து முழுக்க மூடியவை. கடலோர வீட்டுக்கு அவை ஒரு படி நிம்மதி.

கரண்ட் அடிக்கடி போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, போதாதா?

பாதி போதும். இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கும், ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று நாஸிடம் சொல்லாது. புயல் நாளில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால், பேட்டரி தீர்ந்த நொடியில் பெட்டி எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே விழும். யூஎஸ்பி வயரோடு வரும் சின்ன யூபிஎஸ் ஒன்றை நடுவில் வையுங்கள். பேட்டரி குறைந்ததும் அது சொல்லும், நாஸ் தானாக ஒழுங்காக அணையும். ரெடிமேடில் இது ஒரு டிக் போடும் வேலை. கட்டியதிலும் முடியும், கொஞ்சம் செட்டிங் பார்க்க வேண்டும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) மாற்றி வைப்பதையும் மறக்காதீர்கள். அதை மறந்துவிட்டு, பட்டனை அழுத்தச் சொல்லி நாகர்கோவிலிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டவன் நான்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுப் பெட்டியைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பழைய யூடியூப் வீடியோக்களில் காட்டுவதுபோல ரவுட்டரில் போர்ட் திறந்து செய்யாதீர்கள். பல இணைப்புகளில் அது வேலையும் செய்யாது, ஏனென்றால் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். வேலை செய்தால் இன்னும் மோசம், உங்கள் பெட்டி உலகத்துக்கே கதவைத் திறந்து நிற்கும்.

சினாலஜியில் குவிக்கனெக்ட் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பெயர் வைத்துக்கொண்டால் அந்தப் பெயரைப் போட்டே எங்கிருந்தும் உள்ளே போகலாம். வேகம் சுமார், ஆனால் வயதானவர்களுக்கும் சொல்லித்தரலாம். கட்டிய பெட்டிக்கு டெயில்ஸ்கேல் போடுங்கள். தனி ஆள் உபயோகத்துக்கு இலவசம், போனிலும் பெட்டியிலும் ஏற்றினால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும்.

வேகம் உங்கள் வீட்டு இணைப்பின் அப்லோடு அளவுதான். 100 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 500 ஜிபி வீடியோ போய்ச் சேர 11 மணி நேரம் ஆகும்.

கம்பெனிப் பெட்டி என்றால் பாதுகாப்பானதுதானே?

அப்படி நினைத்துத்தான் பலர் மாட்டினார்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகளை இணையம் வழியாக யாரோ அழித்துவிட்டார்கள். கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆன பெட்டிகள் அவை. 2022 தொடக்கத்தில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் வைரஸ் முதலில் கியூநாப் பெட்டிகளையும் அடுத்து அசுஸ்டார் பெட்டிகளையும் பூட்டியது. பிடிபட்டவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்த பெட்டிகள்.

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. 2025இல் சினாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்க்தான் போடவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் அக்டோபரில் தளர்த்திக்கொண்டது. ரெடிமேடில் விதி போடுவது கம்பெனி என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாங்குங்கள். கட்டிய பெட்டியில் அந்தப் பிடி கிடையாது, அப்டேட் போடும் பொறுப்பும் முழுக்க உங்களுடையது. இரண்டு வருடம் அப்டேட்டே போடாத சொந்தப் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

எந்த டிஸ்க் வாங்குவது?

நாஸுக்கென்றே செய்ததை வாங்குங்கள், தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்ததையும் எழுத வேண்டும். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா இருக்கும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் முறை. டிஸ்க் மாற்றி அந்த ரெய்டைத் திரும்ப நிரப்பும் நேரத்தில் இது இழுத்துக்கொண்டே போகும், சில நேரம் பாதியில் கைவிட்டுவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது. இப்போது ரெட் பிளஸ் என்று பார்த்து வாங்கினால் சிஎம்ஆர். சீகேட் அயர்ன்வுல்ஃபும் அப்படியே. வாங்கியதும், டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புது டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்காது.

பெட்டி செத்துப்போனால் உள்ளே இருக்கும் டேட்டா?

டிஸ்க் நன்றாக இருந்தால் டேட்டா இருக்கும். ட்ரூநாஸில் கட்டியது என்றால் டிஸ்க்குகளை வேறு எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டி ட்ரூநாஸ் ஏற்றினாலும் எடுத்துக்கொள்ளலாம். சினாலஜி டிஸ்க்குகளைப் பெரும்பாலும் இன்னொரு சினாலஜியில் அப்படியே செருகலாம், அவசரத்துக்கு லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். என்கிரிப்ஷன் போட்டு டேட்டாவைப் பூட்டியிருந்தால் அந்தச் சாவி வேண்டும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நாஸுக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

கட்ட முடிவு செய்துவிட்டேன். எந்த சாஃப்ட்வேர்?

பழைய கம்ப்யூட்டர், ராம் குறைவு என்றால் ஓபன்மீடியாவால்ட். 8 ஜிபிக்குக் குறையாத ராமும் ஒரே அளவு டிஸ்க்குகளும் இருந்தால் ட்ரூநாஸ். அதன் இசட்எஃப்எஸ் முறை ஒவ்வொரு துண்டு டேட்டாவையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கும், படம் ஒன்று சத்தமில்லாமல் கெட்டிருந்தால் கண்டுபிடித்துவிடும். கையில் கிடக்கும் 2 டிபி, 4 டிபி, 6 டிபி என்று கலந்து போடவேண்டும் என்றால் அன்ரெய்டு, அது காசு கொடுத்து வாங்குவது. படங்களைப் பார்க்க இதன் மேலே இம்மிச் என்ற சாஃப்ட்வேரை ஏற்றுங்கள், கூகுள் போட்டோஸ் பழகியவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

ரெடிமேட் வாங்குவோருக்கும் இங்கே ஒரு வார்த்தை: ஸ்னாப்ஷாட் வசதி உள்ள மாடலா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது. பேரன் ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி.

கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எனக்கு எது?

சாதாரண 1 ஜிபிபிஎஸ் லேன் போர்ட்டில் நொடிக்கு 110 எம்பி அளவுதான் வரும். படங்களுக்குப் போதும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் 4கே எடிட் செய்தால் திணறும். அதற்கு 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் உள்ளதாகப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர்களுக்கு நான் ரெடிமேட்தான் சொல்வேன். முகூர்த்த சீசனில் பெட்டி படுத்தால் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்க உங்களுக்கு ஏது நேரம்?

ரெய்டு 1 போட்டால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. அப்புறம் எதற்கு பேக்கப்?

ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். வைரஸ், இடி, திருட்டு, வீட்டுக்குள் தண்ணீர், எதற்கும் ரெய்டு பதில் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீவில் வீடு இருந்தால் ஒரு பிரதி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். பரமக்குடியோ மதுரையோ, கடல் எட்டாத சொந்தக்காரர் வீடு யாருக்கும் ஒன்று இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துப் பொங்கலுக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வந்தாலும் சரி.

துபாயில் விலை குறைவு. அங்கிருந்து வாங்கி வரலாமா?

பெட்டியின் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் முனை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். வாரண்டிதான் சிக்கல். வாங்கிய நாட்டுக் கடை வழியாகத்தான் பல கம்பெனிகள் பார்ப்பார்கள். பெட்டியை வேண்டுமானால் அங்கே வாங்குங்கள், டிஸ்க்கை இங்கே வாங்குங்கள். டிஸ்க் கெட்டால் வாரண்டியை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் எது இருக்கிறது?

இரண்டும். என் வீட்டில் நான் கட்டியது, என்100 போர்டு, நான்கு டிஸ்க். மாதம் ஒருமுறையாவது எதையாவது நோண்டிக் கெடுத்துச் சரிசெய்வேன், வீட்டில் திட்டு வாங்குவேன். பரமக்குடியில் அக்கா வீட்டில் ரெடிமேட் ஒன்று. ராத்திரி 2 மணிக்கு என் பெட்டி அதற்குப் புதிய படங்களை அனுப்பும். அக்காவுக்கு அது என்னவென்று தெரியாது, "தம்பியோட பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது பிளக்கைப் பிடுங்குவாள், என் போனுக்கு மெசேஜ் வரும், நான் கூப்பிடுவேன். "மாட்டிட்டேன்டா, பச்சை எரியுது" என்பாள்.